முத்தாயியின் வயது

எனக்கு வாய் நீளம் என்று என் சர்வீஸ் புத்தகத்திலேயே சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. பெண் கைதிகளின் தலைக்கு வந்த எண்ணெயில் பாதிதான் இருக்கிறதே, மீதி யார் தலைக்குப் போயிற்று என்று ஒரு டெபுடி ஜெயிலரிடம் கேட்டேன். அவருக்கு வழுக்கை. நான் அதைக் குத்திக் காட்டியதாக எடுத்துக்கொண்டுவிட்டார். 'மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவு. இனி எந்தப் புகார் வந்தாலும் வேலை நீக்கம்' என்று எழுதிக் கீழே என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார்கள். அது ஐம்பத்தைந்தாம் வருஷம்.

என் பெயர் சகாயம்மாள். என் வீட்டுக்காரர் வார்டராக இருந்து டைபாய்டில் போனவர். அவர் போன ஆறாவது மாதம் எனக்குப் பெண் வார்டர் வேலை போட்டுக் கொடுத்தார்கள். வேலையோடு, வார்டர்கள் குடியிருக்கும் ஜெயில் லைனில் ஓர் அறை, ஒரு சமையல் மறைப்பு. அதில் நானும், கான்வெண்டில் படிக்கும் என் மகள் செல்வமேரியும், கண் தெரியாத என் மாமனாரும் இருந்தோம். வேலை போனால் அன்றைக்கே அறையும் போகும்.

ஜெயில் என்றால் வெளியே இருப்பவர்கள் சர்க்கார் நடத்துவதாக நினைக்கிறார்கள். சமைப்பவன் கைதி, தறி நெய்பவன் கைதி, சவரம் செய்பவன் கைதி. மற்ற கைதிகளை அதட்டி வரிசையில் நிறுத்துகிறவனும் இடுப்பில் கலர்ப் பட்டை கட்டிய ஒரு பழைய கைதிதான். ஆபீசில் உட்கார்ந்து வருகிறவர்களின் பெயர், ஊர், அங்க அடையாளம் எழுதுகிறவன்கூட எங்கேயோ சொசைட்டியில் கையாடிவிட்டு வந்த கைதி ரைட்டர். நாங்கள் சாவியை மட்டும் வைத்திருந்தோம். விசாரணைக் கைதிகள் ஒரு பக்கம், மூன்று மாதம் ஆறு மாதம் போட்டவர்கள் ஒரு பக்கம், ஆயுள்காரர்கள் ஒரு பக்கம். இந்தப் பெரிய சுவருக்குள்ளே ஒரு மூலையில் இன்னொரு சுவர் எழுப்பி, ஒரு சின்னக் கதவு வைத்திருந்தார்கள். அதற்குள் இருந்தது பெண்கள் பகுதி. பத்துப் பேர், மிஞ்சிப்போனால் பதினைந்து பேர் இருப்பார்கள்.

அந்தப் பதினைந்து பேர் யார் என்று கேட்டால், பாதிக்கு மேல் சாராயக் கேஸ். போலீஸ் வந்ததும் புருஷன் சோளக்காட்டுக்குள் ஓடிவிடுவான். அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவள் அகப்பட்டுக்கொள்வாள். குப்பாயி என்று ஒருத்தி, வருஷத்துக்கு இரண்டு தடவை வந்துவிடுவாள். வந்ததும் வராததுமாக, "என்ற தட்டு எங்கீங்?" என்று கேட்பாள். சந்தையில் அடுத்தவர் மடியை அவிழ்த்துக் காசு திருடியவர்கள் இரண்டொருவர். அப்புறம் கிணற்றுக் கேஸ்.

கிணற்றுக் கேஸ் என்னவென்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வாழ முடியாது என்று முடிவு கட்டிய ஒருத்தி, பிள்ளைகளை மடியில் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிக்கிறாள். எல்லோரும் செத்தால் கேஸ் கிடையாது. பிள்ளை செத்து அவள் மட்டும் பிழைத்தால் கொலை. ஆயுள் தண்டனை விழுந்ததும் வேலூர்ப் பெண்கள் ஜெயிலுக்கு அனுப்பிவிடுவோம். அதுவரைக்கும் எங்களிடம் இருப்பாள். பெரும்பாலும் பேசவே மாட்டாள்.

அங்கம்மாள் வந்தது ஐம்பத்தேழு மாசி மாதம். சங்ககிரிக்குப் பக்கத்து ஊர்க்காரி. இருபத்திரண்டு வயது இருக்கும். ஐந்து வயதுப் பையன் கிணற்றிலேயே போய்விட்டான். அவளையும் சின்னவளையும் தண்ணீர் இறைக்க வந்தவர்கள் தூக்கிவிட்டார்கள். அந்தச் சின்னவள் முத்தாயி, அன்றைக்கு அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து கைதி ரைட்டரின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். தாய்க்குப் பால் வற்றிப் போயிருந்தது.

எங்கள் ஜெயிலில் ஒரு விதி உண்டு. மூன்று வயது ஆகாத குழந்தைக்குப் பால் மட்டும்தான். அந்தப் பாலோ பல வாசல் கடந்து, பல கை மாறி, தண்ணீராக வந்து சேரும். மூன்று ஆன குழந்தைக்குத் தனியாக அரிசிச் சோறு, பருப்பு, கொஞ்சம் வெல்லம். அதனால் கைக்குழந்தையோடு வருகிற சாராயக்காரிகள் எல்லோரும் ஒரு வயது கூட்டித்தான் சொல்வார்கள். அது எங்களுக்கும் தெரியும். மூன்று மாதத்தில் போகப்போகிறவளின் பிள்ளைக்கு இரண்டு வயது என்று எழுதினால் என்ன, மூன்று என்று எழுதினால் என்ன? பிள்ளைக்கு ஒரு வாய் சோறு கிடைத்தால் சரி.

"கொழந்தைக்கு என்ன வயசு?" என்று ரைட்டர் கேட்டான்.

அங்கம்மாள் விழித்தாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். குனிந்து அவள் காதில், "மூணுன்னு சொல்லு. சோறு கெடைக்கும்" என்றேன்.

"மூணுங்க," என்றாள்.

ரைட்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினான். மத்தியானம் முத்தாயிக்குத் தனித் தட்டில் சோறு வந்தது. அவள் ஒரு பருக்கை விடாமல் தின்றதைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஏனென்றால் விதியின் அடுத்த வரியை நான் யோசிக்கவில்லை. நாலு வயது முடிந்த குழந்தை ஜெயிலுக்குள் இருக்கக் கூடாது. உறவுக்காரர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மூன்று மாதக்காரிகளுக்கு அந்த வரி வேலை செய்வதே இல்லை. கிணற்றுக்காரிக்குச் செய்யும் என்று எனக்கு உறைக்கவில்லை.

நாலைந்து மாதம் கழித்துத்தான் அங்கம்மாள் வாயைத் திறந்தாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னாள்.

"அவருக்குப் புள்ளைங்க அழுவற சத்தமே ஆவாதுங்க. பையன் அழுதா காலைப் புடிச்சுக் கெணத்துக்குள்ள தலகீழாத் தொங்க உடுவாருங்க. அழுகைய நிறுத்தற மட்டும். அவனுக்கு மூணு வயசுல இருந்து அப்பிடித்தானுங்க. அப்பறம் அவன் அழுவறதையே உட்டுட்டான்."

"நீ சும்மா பாத்துக்கிட்டு இருந்தியாடி?"

"கால்ல உழுந்தேனுங்க. கிட்டப் போனா கைய உட்டுருவேம்பாருங்க." கல்லைத் தூர எறிந்தாள். "அன்னைக்கிச் சின்னவளுக்குக் காச்சலுங்க. அழுதா. அவளையும் தூக்கிக்கிட்டுக் கெணத்துக்குப் போனாரு. அடுத்த நாளு அவரு சந்தைக்குப் போன பொறவு நானு ரெண்டையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டேனுங்க."

நான் அன்றைக்கு அவளைத் திட்டவில்லை. வேறு பக்கம் திரும்பி, சும்மா உட்கார்ந்திருந்த குப்பாயியைத் திட்டினேன்.

தை மாதம் தீர்ப்பு வந்தது. ஆயுள். ஆனாலும் எனக்குப் பெரிய கவலை வரவில்லை. கிணற்றுக் கேஸ்காரிகளுக்கு ஜட்ஜே கருணை காட்டலாம் என்று எழுதி அனுப்புவார். மனுப் போட்டால் ஒரு வருஷத்திலேயே வேலூரிலிருந்து வெளியே வந்தவர்களை எனக்குத் தெரியும். அம்மாவும் பிள்ளையும் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, எங்கேயாவது கரும்பு வெட்டியோ கல் உடைத்தோ பிழைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அவளிடம் அப்படியே சொல்லவும் செய்தேன். தீர்ப்பைக் கேட்டு அழாதவள் அதைக் கேட்டு அழுதாள்.

நாலாம் நாள் ஆபீசிலிருந்து ஒரு காகிதம் வந்தது. 'மேற்படி கைதியின் பெண் குழந்தைக்கு இந்த மாதத்துடன் நான்கு வயது பூர்த்தியாவதால், வேலூருக்கு உடன் அனுப்ப இயலாது. தகப்பனுக்குத் தகவல் அனுப்பப்பட்டது.' முத்தாயிக்கு மாசி வந்தால்தான் மூன்று முடியும்.

முதலில் முத்தாயியைத் தூக்கிக்கொண்டு ஜெயில் ஆஸ்பத்திரி பிளாக்குக்கு ஓடினேன். டாக்டர் நல்லவர். குழந்தையைத் தூக்கி வைத்து வாயைத் திறக்கச் சொன்னார். பல்லை எண்ணினார், எடை பார்த்தார், உயரம் பார்த்தார்.

"பால் பல் எல்லாம் முளைச்சிடுச்சும்மா. இனிமே ஆறு வயசு வரைக்கும் வாய் இப்படியேதான் இருக்கும். மூணா நாலான்னு பல்லை வச்சுச் சொல்ல முடியாது."

"ஆளைப் பார்த்தாலே தெரியலையா சார்? முழங்கால் உயரந்தான் இருக்கா."

"ஜெயில்ல இருக்கிற எந்தப் பிள்ளை வயசுக்கு ஏத்த மாதிரி இருக்கு?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் சங்ககிரிக்குப் பஸ் ஏறினேன். இறங்கி மூன்று மைல் வெயிலில் நடந்தேன். பிறப்பு இறப்புப் புத்தகம் ஊர் மணியக்காரரிடம்தான் இருக்கும். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறேழு வருஷத்துப் பக்கங்களையும் திருப்பினார். செத்துப்போன பையன் பிறந்தது எழுதியிருந்தது. முத்தாயி பிறந்தது இல்லை.

"பொட்டப் புள்ளைன்னா ஆருங்கம்மா இதுக்குன்னு நடந்து வந்து எழுதி வெக்கறாங்க?" என்றார்.

"நீங்க போய்க் கேட்டு எழுதக் கூடாதா? சர்க்கார் எதுக்கு உங்களுக்குப் புஸ்தகம் கொடுத்திருக்கு?" என்று கத்தினேன். அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். மோர் மட்டும் கொடுத்து அனுப்பினார்.

திரும்பும்போது அங்கம்மாளின் புருஷன் மாரியப்பனின் வீட்டைக் காட்டச் சொல்லி, தள்ளி நின்று பார்த்தேன். அவன் தாலி கட்டிக் கொண்டு வந்திருந்த புதுப்பெண் நிறைமாதமாக இருந்தாள். மாரியப்பனின் அம்மா என் சேலையையும் பையையும் பார்த்து மணியக்காரர் வீட்டுக்கு வந்தவள் என்று தெரிந்துகொண்டாள்.

"செயில்ல இருந்து காயிதம் வந்துருச்சுங்க. புள்ளைய வந்து கூட்டிட்டுப் போவச் சொல்லி. இவளுக்கும் மாசமாயிருச்சு. தூளி ஆட்டறதுக்கு ஒரு கையாச்சுங்க," என்றாள்.

மூன்று வயது முடியாத பிள்ளை தூளி ஆட்ட வேண்டுமாம். நான் நடந்தேன். வழியெல்லாம் ஜெபமாலை சொன்னேன். பாதியில் எண்ணிக்கை தப்பிவிட்டது.

இனி சூப்பிரண்டுதான். வாரத்துக்கு ஒரு நாள் அவர் பெண்கள் பகுதிக்கு வந்து குறை கேட்பார். எல்லோரும் தட்டையும் போர்வையையும் முன்னால் வைத்து வரிசையாக நிற்பார்கள். அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் பழியை அவர்மேல் போட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அங்கம்மாள் குழந்தையோடு முன்னால் வந்தாள். நான்தான் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தேன்.

"எம்புள்ளைக்கு இன்னும் மூணே முடியலீங்க. நாலுன்னு தப்பா எழுதிட்டாங்க சாமி."

சூப்பிரண்டு திரும்பினார். கைதி ரைட்டர் புத்தகத்தை விரித்துக் காட்டினான்.

"போன வருஷம் மூணுன்னு நீதானே சொல்லியிருக்கே? உன் பெருவிரல் ரேகை இருக்கு. இப்ப மாத்திச் சொன்னா எப்படி? நாளைக்கு எல்லாப் பொம்பளையும் மாத்திச் சொல்லுவா." கொஞ்சம் யோசித்தார். "மூணு ஆகலேன்னா அன்னைக்கு எதுக்கு மூணுன்னு சொன்னே?"

"சோத்துக்குங்க."

"மூணு ஆனாச் சோறுன்னு புதுசா வந்த உனக்கு எப்படித் தெரியும்? யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா? எங்க ஆளு யாராவது சொல்லித் தப்பா எழுதினதுன்னா சொல்லு. அது எங்க தப்பு. இங்கேயே அடிச்சுத் திருத்திக் கையெழுத்துப் போடறேன். பிள்ளை உன்கூட வேலூர் வரும்."

வழி இருக்கிறது. ஒரு வார்த்தைதான். நான் சொன்னேன் சார், பசிக்கிற பிள்ளை என்று நான்தான் சொல்லச் சொன்னேன் சார். அவ்வளவுதான். ரைட்டர் என்னைப் பார்த்தான். அவனுக்கும் எல்லாம் தெரியும். அவனுக்கு ரெமிஷனில் தண்டனை குறைந்து, இன்னும் நாற்பது நாளில் விடுதலை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சகாயம்மா, அன்னைக்கு கேட்டுல நீதானே டியூட்டி? இவ என்ன சொன்னா?"

அந்த நேரத்தில் எனக்குச் சிவப்பு மை தெரிந்தது. செல்வமேரியின் பள்ளிக்கூடப் பை தெரிந்தது. மாமனார் சுவரைத் தடவித் தடவி வாசலுக்கு வருவது தெரிந்தது. முத்தாயி தெரியவில்லை. எனக்கு முன்னால் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு என் யூனிபார்ம் பட்டன்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள் மட்டும் தெரியவில்லை.

"மூணுன்னுதான் சொன்னா சார்," என்றேன்.

பொய் இல்லை. அவள் மூன்று என்றுதான் சொன்னாள்.

அங்கம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லிவிட வேண்டும் என்றுதான் மாதாவை வேண்டினேன். என்னால் முடியாததை அவளாவது செய்துவிடட்டும் என்று.

"யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?" சூப்பிரண்டு மறுபடி கேட்டார்.

"இல்லீங்க சாமி," என்றாள். "நானாத்தான் சொன்னேனுங்க."

அவர் புத்தகத்தை மூடச் சொன்னார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாரியப்பன் வந்தான். புது வேட்டி, தலையில் துண்டு. பார்த்தால் சாதாரண சம்சாரி. பீடியை வாசலுக்கு வெளியே அணைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். கைதித் தாய் ஆபீசுக்குப் போகிற உள்வாசலைத் தாண்டக் கூடாது என்பதால் குழந்தையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். வந்த நாளுக்கு அப்புறம் முத்தாயி அந்த வாசலைத் தாண்டியதே இல்லை. ஆபீசுக்கு முன்னால் நின்ற ஜீப்பைக் காட்டி, "அது என்னம்மா?" என்று கேட்டாள். என்னையும் அவள் அம்மா என்றுதான் கூப்பிடுவாள். அந்தப் பகுதியில் இருந்த எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

மாரியப்பன் கைநாட்டு வைத்தான். நான் குழந்தையை நீட்டினேன். அவனைப் பார்த்ததும் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள். இரண்டு கையையும் நான்தான் பிரித்துவிட்டேன்.

"அழுவாத," என்றான் அவன். குரலை உயர்த்தவில்லை. "ஊட்டுக்குப் போலாம். அழுவாத."

"கொழந்தைய அடிச்சுகிடிச்சுப் பண்ணினே, உன்னைச் சும்மா விடமாட்டேன்," என்றேன். கேட்டில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படிக் கத்தினேன்.

"எம்புள்ளைய நானெதுக்குங்கம்மா அடிக்கறேன்?" என்று அவன் மரியாதையாகச் சொன்னான். அவன் அடித்ததாக அங்கம்மாளும் எப்போதும் சொன்னதில்லை. சாலை திரும்பும்வரை அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மத்தியானம் வேலூர் போகிற போலீஸ் எஸ்கார்ட் வந்தது. அங்கம்மாளுக்குத் தண்டனைக் கைதிகளின் வெள்ளைச் சேலை கொடுத்திருந்தார்கள். ஒற்றைக் கையில் விலங்கு மாட்டும்வரை உள்வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்தேன். வார்டர் கைதிக்குச் சமமாகத் தரையில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தேன்.

"ஏண்டி என்னைக் காட்டிக் கொடுக்கலை?" என்றேன்.

"உங்களுக்கு வேல போயிருமுங்களே." இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போலப் பார்த்தாள். "அன்னைக்கி நீங்க சொல்லலீன்னா அவளுக்குச் சோறு ஏதுங்க? ஒரு வருசம் வயிறாரத் தின்னாளுங்க."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் என்னைக் காறித் துப்பியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. மனுப் போடுகிறேன், நானே வக்கீலைப் பார்க்கிறேன், அந்த ஊருக்கு மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன் என்று எதையெதையோ உளறினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். போலீஸ்காரன் விலங்கோடு வந்து நின்றதும் எழுந்தாள்.

"கோர்ட்டுல வக்கீலு எங்கிட்டக் கேட்டாருங்கம்மா," என்றாள். "சாவறவ நீ மட்டும் சாவ வேண்டியதுதான, புள்ளைகள எதுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன்னு. அந்த ஊட்டுல உட்டுட்டுப் போவ மனசில்லாமத்தானுங்க கூட்டிக்கிட்டுப் போனேன்."

கையை நீட்டினாள். போலீஸ்காரன் விலங்கை மாட்டினான்.

அவளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் நேராக சூப்பிரண்டு ஆபீசுக்குப் போனேன். இரண்டு கைகளையும் மேஜையில் ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டில் குனிந்து நான் சொன்னது, ரைட்டர் எழுதியது, நேற்று நான் சொன்ன பதில். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தகப்பன் கைநாட்டு வச்சு வாங்கிட்டுப் போயிட்டாம்மா," என்றார். "இனி அது அவன் பிள்ளை. வயசு மூணா இருந்தா என்ன, நாலா இருந்தா என்ன? நேத்து சொல்லியிருக்கணும்."

என்மேல் புகார்கூட எழுதவில்லை. போய் டியூட்டியைப் பார் என்றார்.